அடகு வைக்க இயலாத அணிகலன்

நகைக்கடன் பெற வரும் வாடிக்கையாளரின் நகையை மதிப்பீட்டாளர் உரைகல்லில் உரசி மாற்றுப் பார்க்கிறார்; எடை போடுகிறார்; பையிலிட்டு முத்திரை வைக்கிறார். பாதுகாப்புப் பெட்டகங்களுக்குள் உறங்குபவையும் பெரும்பாலும் இத்தகைய நகைகளே. இவை அனைத்துக்கும் பொதுவான இயல்பு ஒன்று உண்டு. இவற்றை உடலிலிருந்து கழற்றலாம். கழற்றலாம் என்பதனால்தான் விற்கவும் அடகு வைக்கவும் மகளுக்குக் கொடுக்கவும் இயல்கிறது. களவு போவதும், பாகப்பிரிவினையில் சச்சரவுக்கு உள்ளாவதும் அதே காரணத்தினால்தான்.

நடு இந்தியாவின் காடுகளை ஒட்டி வாழும் பைகா பழங்குடிப் பெண்களிடம் கழற்றவே முடியாத அணிகலன் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் கோத்னா. குத்துதல் என்னும் பொருளுடைய இந்திச் சொல் அது. நாம் பச்சை குத்துதல் என்கிறோம். ஒரு பெண் இறந்தால் அவள் அணிந்திருந்த வெள்ளியும் பித்தளையும் பாசிமணியும் எடுத்துவிடப்படும், கோத்னா மட்டும் அவளுடன் மறுவுலகுக்குச் செல்லும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. வங்கி வழக்கில் கூறினால், நியமனதாரர் எவரும் தேவைப்படாத சொத்து.

இந்தப் பெண்களின் உலகை முதன்முதலில் விரிவாக எழுதி வைத்தவர் வெரியர் எல்வின். அவரை மானிடவியலாளர் என்று இன்று அறிகிறோம். ஆனால் அத்துறையில் அவர் முறையாகப் பட்டம் பெற்றவர் அல்லர். 1902இல் இங்கிலாந்தில் ஒரு ஆங்கிலிக்கன் ஆயரின் மகனாகப் பிறந்து, ஆக்ஸ்போர்டில் ஆங்கில இலக்கியமும் இறையியலும் கற்று, 1927இல் சமயப் பணிக்காகப் புனே நகருக்கு வந்தார். வந்த இடத்தில் காந்தியடிகளின்பால் ஈர்க்கப்பட்டார். 1932இல் தம் நண்பர் சாம்ராவ் ஹிவாலேயுடன் மண்ட்லா மாவட்டத்தின் கரஞ்சியா என்னும் சிற்றூரில் குடியேறினார். மருந்தகம், பள்ளிக்கூடம், தொழுநோயாளர் இல்லம் ஆகியவற்றை நடத்தினார். மக்களுக்குச் சமயத்தைக் கற்பிக்கச் சென்றவர், அவர்களிடம் கற்றுக்கொள்ளத் தொடங்கிச் சில ஆண்டுகளில் திருச்சபையை விட்டும் விலகினார்.

அவ்வாறு கற்றதன் விளைவாக 1939இல் லண்டனில் வெளியானது ‘தி பைகா’ என்னும் பெருநூல். ஐந்நூறு பக்கங்களைத் தாண்டும் அந்நூலில் பைகாக்களின் வேளாண்மை, மணமுறை, மருத்துவம், மந்திரம் ஆகியவற்றுடன் பெண்களின் கோத்னாவும் அதன் உருவங்களும் இடம்பெற்றன. அவருக்கு முன்னரும் ஆங்கில அதிகாரிகள் இந்தியக் குடிகளைப் பற்றித் தொகுதி தொகுதியாக எழுதியுள்ளனர். மத்திய மாகாணங்களின் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ரஸ்ஸலும் ஹீராலாலும் 1916இல் வெளியிட்ட நான்கு தொகுதிகள் அவற்றுள் புகழ் பெற்றவை. எனினும் முகாமிட்டு விசாரித்துவிட்டுத் திரும்பும் அதிகாரிக்கும், ஆண்டுக்கணக்கில் அதே ஊரில் மருந்து கொடுத்துக்கொண்டு வாழ்பவருக்கும் மக்கள் ஒரே விடையைத் தருவதில்லை. ஆண்டிறுதித் தணிக்கைக்கு வருபவரிடமும் தினமும் மேசையின் எதிரே அமர்பவரிடமும் வாடிக்கையாளர் பேசும் பேச்சு வேறுபடுவதை நாம் அறிவோம்.

பைகாப் பெண்ணின் உடலில் கோத்னா ஒரே நாளில் நிறைவு பெறுவதில்லை. முதலில் நெற்றி. எட்டு வயதையொட்டிய பருவத்தில், இரு புருவங்களுக்கு இடையிலிருந்து மேல்நோக்கி விரியும் ஒரு கோண வடிவமும் அதனுள்ளே சில புள்ளிகளும் கோடுகளும் குத்தப்படுகின்றன. அடுப்பின் உருவம் என்று அதற்கு விளக்கம் கூறுவர். பைகாப் பெண்ணைப் பிற குடியினரிடமிருந்து ஒரே பார்வையில் பிரித்துக் காட்டுவது இந்த நெற்றிக் குறிதான். பின்னர் வளர வளர முதுகு, கைகள், தொடை, கணுக்கால், மார்பு எனப் படிப்படியாகக் குறிகள் பெருகும். மயில், கூடை, மஞ்சள் கிழங்கு, மீன்முள், ஈ, சங்கிலி எனக் கண்முன் காணும் பொருள்களே கோடும் புள்ளியுமாகச் சுருங்கி உடலில் ஏறுகின்றன. தெய்வங்களின் முழு உருவங்களைக் காட்டிலும் சமையலறையும் காடுமே அங்கு மிகுதி.

இதைக் குத்துபவர்கள் பைகாக்கள் அல்லர். பத்னின் என்று அழைக்கப்படும், ஊர் ஊராகச் செல்லும் பெண்கள். பேயெள் என்று தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதியினர் அறிந்த விதை அங்கு ராம்தில் எனப்படும். அதை எரித்துப் பெறும் கரியே மை. மெல்லிய மூங்கில் குச்சியால் முதலில் உருவை எழுதி, பின்னர் ஒன்றாகச் சேர்த்துக் கட்டிய ஊசிகளால் கோட்டின் மேல் விரைந்து குத்திச் செல்வர். குத்தி முடிந்ததும் கழுவி, எண்ணெயும் மஞ்சளும் தடவுவர். வீக்கம் வடியச் சில நாள்கள் ஆகும். மழைக்காலத்தில் புண் ஆறாது என்பதனால் குளிர்காலமே இதற்கு உரிய பருவம். ஆடவர் அருகில் இருந்து பார்ப்பது வழக்கமில்லை. கூலி தானியமாகவும் சிறிது பணமாகவும் கொடுக்கப்பட்டது.

தமிழகத்துக்கும் இது புதிதன்று. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், க. ரங்காச்சாரியின் துணையுடன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய ஏழு தொகுதிகளில், ஊர் ஊராகச் சென்று பச்சை குத்திய குறவர் குலப் பெண்களைப் பற்றிய குறிப்புகள் உள்ளன. நம் பாட்டிமார் பலரின் முன்கையில் கோலமோ தேளோ கணவர் பெயரின் முதலெழுத்தோ இருந்ததை வாசகர்களில் மூத்தோர் நினைவுகூரக்கூடும். கரிய மையால் குத்தியும் அதைப் பச்சை என்று அழைத்தது கண்ணுக்குப் புலப்படும் நிறத்தைக் கொண்டுதான். தோலின் அடியில் தங்கிய கரி, மேல்தோலின் வழியே பார்க்கும்போது நீலமும் பச்சையும் கலந்ததாகத் தோன்றுகிறது.

அந்தக் கரி ஏன் அழிவதில்லை என்பதை அறிவியல் அண்மையில்தான் தெளிவாக அறிந்தது. உடலுக்குள் நுழையும் அந்நியப் பொருளை விழுங்கும் பெருவிழுங்கி உயிரணுக்கள் மைத்துகள்களையும் விழுங்கி வைத்துக்கொள்கின்றன. அந்த உயிரணுக்கள் இறந்த பின்பும் மை ஏன் கரைந்து போவதில்லை? பிரான்சின் மார்செய் நகர ஆய்வாளர்கள் எலிகளின் வாலில் பச்சை குத்தி ஆராய்ந்து 2018இல் வெளியிட்ட முடிவு சுவையானது. ஓர் உயிரணு இறக்கும்போது வெளிப்படும் மைத்துகளை அதே இடத்துக்கு வரும் புதிய உயிரணு உடனே ஏற்றுக்கொள்கிறது. கிளையில் காப்பறைச் சாவியை வைத்திருக்கும் அலுவலர் மாறுதலாகிச் செல்லும்போது பதிவேட்டில் கையொப்பமிட்டு அடுத்தவரிடம் ஒப்படைப்பதைப் போன்ற ஏற்பாடுதான். பேணுவோர் மாறினாலும் இருப்பு மாறுவதில்லை.

பைகாப் பெண்கள் தங்கள் செல்வத்தை உடலிலேயே வைத்துக்கொள்ள ஏன் விரும்பினர் என்று கேட்டால், வெளியே வைத்த எதுவும் அவர்களிடம் நிலைக்கவில்லை என்பதே நாம் காணும் விடை. பைகாக்கள் பேவர் என்னும் முறையில் காட்டைச் சீர்திருத்தி, எரித்த சாம்பலில் விதை தூவிப் பயிர் செய்தவர்கள். ஏர் கொண்டு உழுவது நிலமகளின் மார்பைக் கீறுவதாகும் என்று அவர்கள் கருதினர். ஆங்கில அரசின் வனத்துறை இம்முறையைத் தடை செய்து, 1890இல் பைகா சக் என்னும் எல்லைக்குள் மட்டும் அதை அனுமதித்தது. இந்தத் தடை ஒரு மக்களின் மனத்தை எவ்வாறு உடைத்தது என்பதை உலகுக்கு எடுத்துரைப்பதே எல்வின் நூலின் உயிர்நாடி. விடுதலைக்குப் பின் 1955இல் கான்ஹா தேசியப் பூங்கா உருவாயிற்று. 1973இல் அது புலிகள் காப்பகத் திட்டத்தில் சேர்ந்தது. பூங்காவின் உட்பகுதியிலிருந்த பைகா ஊர்கள் வெளியே மாற்றப்பட்டன. காடு, நிலம், ஊர் ஆகிய அனைத்தும் கைமாறிய வரலாற்றில், அடகுக் கடைக்காரராலோ கடன் கொடுத்தவராலோ பறிக்க இயலாத ஒன்றை ஒரு பெண் தன் தோலின் மேல் சேமித்தாள் என்றால் அதில் வியப்பில்லை. இது நம்முடைய வாசிப்பு. பைகாப் பெண்கள் அழகுக்காகவும் மரபுக்காகவும் குத்திக்கொள்கிறோம் என்றே கூறுவர். ஆனால் நாற்பது கிராம் தங்கத்தை வாங்குவோரும் பாதுகாப்புக்காக வாங்குகிறோம் என்று சொல்வதில்லை, அழகுக்காக என்றே சொல்கின்றனர்.

சத்தீஸ்கரின் சமவெளியில் இதற்கு இணையான மற்றொரு வரலாறு உண்டு. கோயிலுக்குள் நுழைய மறுக்கப்பட்ட மக்களிடையே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சார்பாரா என்னும் ஊரைச் சேர்ந்த பரசுராம் என்பவரிடமிருந்து தோன்றியது ராம்நாமி சமாஜம். இவ்வழியினர் இராம நாமத்தை நெற்றியிலும் மேனியிலும் பச்சை குத்திக்கொண்டனர். கோயிலின் கதவைப் பூட்டலாம். மேனியில் எழுதிய பெயரைப் பூட்ட எவராலும் ஆகாது. ராம்தாஸ் லாம்ப் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இவர்களைப் பற்றி 2002இல் நூல் எழுதினார். இவர்கள் பழங்குடியினர் அல்லர். எனினும் மற்ற உடைமைகள் மறுக்கப்பட்டவர்க்கு உடலே ஆவணமாகிறது என்பதை இவர்கள் வரலாறும் காட்டுகிறது.

எல்வினைப் போற்றும்போது அவர் மேல் எழுந்த கண்டனத்தையும் கூற வேண்டும். பைகாக்களுக்கென ஒரு தேசியப் பூங்கா போன்ற காப்பிடத்தை உருவாக்கலாம் என்னும் யோசனையை அவர் அந்நூலில் முன்வைத்தார். பம்பாய்ப் பல்கலைக்கழகச் சமூகவியல் பேராசிரியர் ஜி. எஸ். குர்யே 1943இல் எழுதிய நூலில் இதை வன்மையாக மறுத்தார். மக்களைக் காட்சிப்பொருளாக ஒதுக்கி வைப்பது தகாது என்பது மறுப்பின் சாரம். எல்வின் பிற்காலத்தில் தம் நிலையைப் பெரிதும் மாற்றிக்கொண்டார். 1954இல் இந்தியக் குடிமகனாகி, இன்றைய அருணாசலப் பிரதேசமாகிய வடகிழக்கு எல்லைப்புற நிர்வாகத்துக்கு மானிடவியல் ஆலோசகரானார். நேருவின் முன்னுரையுடன் 1957இல் வெளியான அவரது நூல், பழங்குடியினரின் வளர்ச்சி அவர்களுடைய இயல்பை ஒட்டியே அமைய வேண்டும் என்று வலியுறுத்தியது. 1961இல் பத்ம பூஷண் பெற்ற அவர் 1964இல் தில்லியில் காலமானார்.

குர்யேயும் எல்வினும் வாதிட்ட காலத்தில் எழாத ஒரு வினா இன்று எழுகிறது. நெற்றியில் ஊசி இறங்கும்போது அந்தக் குழந்தைக்கு வயது எட்டு. அவளுடைய சம்மதத்தை எவர் கேட்டனர்? கோத்னா இல்லாத பெண்ணுக்கு மறுவுலகில் தண்டனை கிடைக்கும் என்ற அச்சமும், வட இந்தியாவின் பல பகுதிகளில் பச்சை குத்தாத மருமகளின் கையால் நீரும் உணவும் ஏற்கமாட்டோம் என்ற கட்டுப்பாடும் சேர்ந்தே இம்மரபைக் காத்து வந்தன. அழகு என்று மட்டும் எழுதிச் செல்வது அந்தப் பெண்களுக்கு நாம் செய்யும் நீதியாகாது. இன்று விடுதிகளில் தங்கிப் படிக்கும் பைகா மாணவியர் பலர் நெற்றியில் குத்திக்கொள்ள விரும்புவதில்லை. பள்ளியிலும் பணியிடத்திலும் கேலிக்கு ஆளாவோம் என்று அஞ்சுகின்றனர். சந்தைகளிலும் திருவிழாக்களிலும் மின்கலத்தால் இயங்கும் பொறியைக் கொண்டு நட்சத்திரமோ பெயரோ குத்திக்கொள்பவரும் உண்டு. ஒரே ஊசியைப் பலருக்குப் பயன்படுத்தினால் மஞ்சள் காமாலைக் கிருமியும் எச்.ஐ.வி.யும் பரவும் என்பதையும் இவ்விடத்தில் கூறிவிடுகிறோம். நகரத்தில் பச்சை குத்திக்கொள்ளும் இளைஞர்களுக்கும் அது பொருந்தும்.

வேண்டாம் என்று சொல்லும் உரிமை அந்தப் பெண்ணுக்கே உரியது என்பது நம் கருத்து. வேண்டும் என்று சொல்பவளுக்கும் அதே உரிமை உண்டு. அரசின் விதிகளும் அதற்கு இடம் தந்துள்ளன. இராணுவத்தில் சேர விரும்புவோருக்கு முன்கையின் உட்புறமும் புறங்கையும் தவிர வேறு இடங்களில் பச்சை இருத்தல் கூடாது என்பது பொது விதி. ஆனால் பழங்குடியினருக்கு அவர்களுடைய குல வழக்கப்படி உடலின் எப்பகுதியில் இருப்பினும் தடை இல்லை. ஒரு படிவத்தின் ஒரு வரி விலக்குத்தான். ஆனால் ஒரு மக்களின் வழக்கத்தைக் குறைபாடாகக் கருதாமல் விதியெழுதிய கையை நாம் மதிக்கிறோம்.

நாகாலாந்தின் கொன்யாக் நாகர்களிடையே இந்த மரபு ஏறத்தாழ முடிந்தே விட்டது. வியன்னாவைச் சேர்ந்த கிறிஸ்டோஃப் வான் ஃப்யூரர்-ஹைமென்டார்ஃப் என்னும் மானிடவியலாளர் 1936-37இல் வாக்சிங் என்னும் மலையூரில் தங்கி அவர்களைப் பற்றி ஆராய்ந்தார். அவருடைய நூலும் எல்வினுடைய நூலைப் போலவே 1939இல் வெளிவந்தது. பகைவரின் தலை கொண்டுவந்த வீரனுக்கு முகத்தில் குத்தப்பட்ட குறி, தலை கொய்தல் ஒழிந்தவுடன் பொருளிழந்தது. இன்று முகக் குறியுடன் வாழ்வோர் மிக முதியவர்களே. அங்கு நம்மைக் கவர்ந்த செய்தி, இறுதித் தலைமுறையின் பதிவைச் செய்தவர் வெளியிலிருந்து வந்தவர் அல்லர் என்பது. பெஜின் கொன்யாக் என்னும் கொன்யாக் பெண், நெதர்லாந்து ஒளிப்படக் கலைஞர் பீட்டர் பாஸுடன் இணைந்து, முதியோரை ஊர் ஊராகச் சென்று சந்தித்து 2017இல் ஒரு நூலை வெளியிட்டார். தம் பாட்டன் பூட்டன் மொழியிலேயே கேட்டு எழுதுபவருக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை.

மரபு தோலை விட்டு நீங்கினால் உருவங்கள் எங்கே செல்லும்? பீகாரின் மதுபனி மாவட்டத்தில் இவ்வினாவுக்கு எதிர்பாராத விடை ஒன்று கிடைத்தது. மதுபனி ஓவியம் என்று நாம் அறிந்த மிதிலை ஓவியம், பெண்கள் வீட்டுச் சுவரில் வரைந்து வந்த மங்கலக் கலை. 1966-67இல் கடும் வறட்சி தாக்கியபோது, அகில இந்தியக் கைவினை வாரியத்தின் சார்பில் புபுல் ஜெயகர் அம்மையார், பாஸ்கர் குல்கர்னி என்னும் கலைஞரை அங்கு அனுப்பினார். சுவரில் வரைவதைத் தாளில் வரைந்து விற்கலாம் என்று அவர் பெண்களை ஊக்குவித்தார். பிராமண, காயஸ்தக் குடும்பங்களின் பெண்கள் முதலில் தூரிகை எடுத்தனர். அதே ஜிட்வார்பூர் கிராமத்தின் துசாத் குடியிருப்புகளில் வறுமை குறையவில்லை. மேல்சாதி வீடுகளின் கடவுளர் ஓவிய மரபு தங்களுக்கு உரியதன்று என்ற தயக்கம் அங்கு இருந்தது.

1970களின் தொடக்கத்தில் ஜெர்மனியிலிருந்து எரிகா மோசர் என்னும் மானிடவியலாளர் அங்கு வந்தார். கிராமத்துச் சடங்குகளையும் கைத்தொழில்களையும் படம்பிடிக்க வந்த அவர், துசாத் பெண்களிடம் நீங்களும் வரையலாமே என்று தூண்டினார். எதை வரைவது? சானோ தேவி என்னும் பெண் தம் குலப் பெண்களின் மேனியிலேயே விடையைக் கண்டார். ஊர் ஊராகச் செல்லும் நட்டின் பெண்கள் அவர்கள் கைகளிலும் கால்களிலும் குத்திய கோத்னா உருவங்கள் தாளுக்கு வந்தன. மூங்கில் குச்சியும் விளக்குக் கரியுமே முதற்கருவிகள். ஒன்றை அடுத்து ஒன்றாக வரிசையில் நிற்கும் சிறு மனிதர்கள், யானைகள், மரங்கள். நடுவிலிருந்து வட்டம் வட்டமாக விரியும் அமைப்பு. தங்கள் குல வீரராகிய ராஜா சல்ஹேஸின் கதை இவ்வடிவில் ஓவியமாயிற்று. ஜமுனா தேவி என்னும் கலைஞர் தாளின் மேல் சாணக் கரைசலைப் பூசி மண்சுவரின் நிறத்தைக் கொண்டுவந்தார்.

மானிடவியலாளர் தாம் ஆராயும் மக்களின் வாழ்வில் தலையிடலாமா என்று துறைக்குள் வாதிடுவோர் உண்டு. வணிகவியல் படித்து வங்கிக்கு வந்த நமக்கு அந்த வாதத்தின் நுட்பம் முழுமையாகப் புரியாமல் இருக்கலாம். ஆனால் விளைவு கண்முன் உள்ளது. தாளும் பொருளும் இல்லாதவர்கள் என்று கருதப்பட்டவர்களிடம் பல தலைமுறைகளாகச் சேர்ந்த உருவக் களஞ்சியம் ஒன்று இருந்தது. அதை எண்ணிப் பார்க்கச் சொன்னவர் ஒருவர் தேவைப்பட்டார். 2024இல் கோத்னா ஓவியத்துக்காகத் துசாத் சமூகத்தின் சாந்தி தேவி பாஸ்வான், சிவன் பாஸ்வான் தம்பதியருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

சத்தீஸ்கரின் சர்குஜா மாவட்டத்தில் ஜம்கலா கிராமத்துப் பெண்கள் இதே கோத்னா உருவங்களைப் புடவையிலும் மேலாடையிலும் வரைகின்றனர். துவைத்தால் போகாத வண்ணத்தைத் தேடுவதுதான் அவர்களுக்குப் பெரும்பாடாக இருந்தது. தோலில் அழியாத கோடு துணியில் அழிந்தது என்பதை எண்ணி அவர்களே சிரித்திருக்கக்கூடும்.

இங்கேதான் வங்கியின் பங்கு வருகிறது. நபார்டு வங்கி 1992இல் 500 குழுக்களைக் கொண்டு சோதனை முறையில் தொடங்கிய சுய உதவிக் குழு வங்கி இணைப்புத் திட்டம், பிணை இல்லாத பெண்களுக்குக் கடன் கொடுக்கலாம் என்பதை நாட்டுக்கு மெய்ப்பித்தது. 2014இல் வந்த ஜன் தன் கணக்கும், பைகா உள்ளிட்ட 75 நலிவுற்ற பழங்குடிக் குழுக்களுக்காக 2023 நவம்பரில் தொடங்கப்பட்ட பி.எம். ஜன்மன் திட்டமும் தொலைவிலுள்ள ஊர்களுக்குக் கணக்கைக் கொண்டு செல்கின்றன. கடன் பெறும் வழி இவ்வாறு திறந்தாலும், அந்தப் பெண்களின் உண்மையான சொத்தை மதிப்பிடும் உரைகல் நம் மதிப்பீட்டு மேசையில் இல்லை. தறியைப் பிணையாக ஏற்கிறோம், சரக்கை ஏற்கிறோம்; மூதாதையர் தந்த உருவத்துக்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

புவிசார் குறியீடு ஓரளவு துணை செய்கிறது. மதுபனி ஓவியம் அதை 2007இலும், மத்தியப் பிரதேசக் கோண்டு ஓவியம் 2023இலும் பெற்றன. ஆயினும் அது வட்டாரத்துக்குக் கிடைக்கும் பாதுகாப்பே. எந்தக் குடும்பம், எந்தக் குலம் அந்த உருவத்தைக் காத்தது என்பதை அது கூறுவதில்லை. பெருநகர ஆலை ஒன்று பைகாப் பெண்ணின் நெற்றிக் கோணத்தைத் தலையணை உறையில் அச்சிட்டு விற்றால் அவளுக்கு அதில் ஒரு ரூபாயும் சேர்வதில்லை. ஊசியின் வலி முழுவதையும் ஏற்றவள் அவள். களவாட முடியாதது என்று அவளுடைய பாட்டி நம்பிய அணிகலனை, உடலைத் தொடாமலே எடுத்துச் செல்லும் வழியை நம் காலம் கண்டுபிடித்துவிட்டது. எல்வினின் நூலிலுள்ள படங்களும் இன்று எவர் வேண்டுமானாலும் பார்த்து வரையக்கூடியவையே. பதிவு செய்வது பாதுகாப்பது ஆகும் என்று நாம் எளிதில் எண்ணுகிறோம். பதிவேட்டில் ஏறியது பிறர் கைக்கும் எட்டும் என்பதை வங்கிப் பணியில் இருப்போர் மறக்கலாகாது.

கான்ஹா பூங்காவுக்குச் சுற்றுலா செல்லும் வாசகர்கள் அங்குள்ள ஊர்களில் கோத்னா அணிந்த மூதாட்டிகளைக் காண நேரலாம். அனுமதி கேட்டபின் படமெடுப்பதே முறை. மறுத்தால் கைப்பேசியைத் தாழ்த்திக்கொள்ளலாம். போபாலில் 2013இல் திறக்கப்பட்ட பழங்குடியினர் அருங்காட்சியகத்தில் பைகாக்களின் வாழ்க்கை முறை நேர்த்தியாகக் காட்சிப்படுத்தப்பட்டுள்ளது. ஒரு முழு நாள் ஒதுக்கிச் செல்வது நன்று. கோத்னா ஓவியமோ துணியோ வாங்க விரும்புவோர், வரைந்தவரின் பெயரும் ஊரும் எழுதப்பட்டுள்ளனவா என்று பின்புறத்தைத் திருப்பிப் பார்க்கலாம். கண்காட்சிகளில் கலைஞர்களே அமர்ந்து விற்கும் கடைகளில் பெரும்பாலும் க்யூஆர் குறியீடும் வைத்திருப்பர். செலுத்தும் முன் திரையில் தோன்றும் பெயர் வரைந்தவருடையதா, இடைத்தரகருடையதா என்று ஒரு கணம் நின்று வாசித்துக்கொள்ளலாம்.